ஃப்ரிட்ஜுக்கு ஒரு பேட்டரி

வண்டி ஓடுகிறவரை கார் எலக்ட்ரீஷியனை யாருக்கும் ஞாபகம் வராது. நின்றுவிட்டால் அவனோடு சேர்த்து அவன் அம்மாவும் ஞாபகத்துக்கு வந்துவிடுவாள். தாம்பரத்தில் இருபத்தாறு வருஷமாக இந்தத் திட்டை வாங்கித்தான் பிழைக்கிறேன். பேட்டரியோடும் சொந்தக் கோபத்தோடும் மல்லுக்கட்டுகிற சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது.

பேரம் பேசாதவர்

அஸ்தினாபுரத்திலிருந்து முரளி சார் மனைவியோடு வந்தார். காலை லேசாக இழுத்து நடப்பார். புது கார், டிக்கியில் வைக்கிற சின்ன ஃப்ரிட்ஜ். அதை வண்டி பேட்டரியிலேயே ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் ஃப்ரிட்ஜுக்கென்று இன்னொரு பேட்டரி, வண்டி ஓடும்போது அதுவும் சார்ஜ் ஆகிற மாதிரி வேண்டும் என்றார்.

"பீர் வைக்கவா சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். ஊசி மருந்து வைக்கவாம். அவருக்கு அடிபட்டால் ரத்தம் நிற்காத வியாதி. உடனே ஊசி போட்டாக வேண்டும், மருந்தைக் குளிரிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் கேட்ட கூலிக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். பேரம் பேசாத ஆளைப் பார்த்தாலே எனக்கு எரியும். அன்றைக்கு எரியவில்லை. அவர் மனைவி கலாம்மா சொன்னார்: "கல்யாணமாகி ஒன்பது வருஷம்ணா, ஒரு ராத்திரிகூட வெளியூர்ல தங்கினதில்ல. திருச்செந்தூர் போகணும்ங்கறார். கடல் இங்கயும்தான் இருக்கு, இவருக்கு அதைத் தூரமாப் போய்ப் பார்க்கணுமாம்."

கடைக்காரர் சொன்னது

அவர் பேசாத பேரத்தை அவருக்காக நான் பேசினேன். இரண்டாவது பேட்டரிக்கு சார்ஜர் வாங்கப் போன கடையில் முக்கால் மணி நேரம் சண்டை. கடைசியில் கடைக்காரர் சார்ஜரை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பேட்டரியையும் சும்மா இணைத்துவிடுகிற ஒரு ரிலேயைப் பாதி விலைக்குத் தூக்கி வைத்தார். புது வண்டிக்கு இது ஒத்துவராது, வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் சிரித்தேன். விற்கிறவன் பயமுறுத்துவதெல்லாம் விலையை ஏற்றத்தான் என்று பத்து இடத்தில் ஏமாந்து படித்தவன் நான். ரிலேயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னார்: "அண்ணே, வெலையக் கொறைன்னா கொறைப்பேன். வண்டி கேக்குறத நான் கொறைக்க முடியாது."

மீட்டர்

ரிலேயை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மீட்டர் பதினாலு வோல்ட்டைத் தாண்டியது, இரண்டாவது பேட்டரியும் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். முரளி சார் என் அழுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னோடு பதினைந்து வருஷமாக வேலை செய்கிற பாஸ்கருக்கு மட்டும் திருப்தியில்லை. புது வண்டி தன் பேட்டரி நிறைந்ததும் பெட்ரோலை மிச்சம் பிடிக்க சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ரிலே தானாகத் துண்டித்துக்கொள்ளும், இரண்டாவது பேட்டரிக்கு ஒன்றும் போகாது. இது அவனுக்குத் தெரிந்திருந்தது, சொல்லவும் செய்தான். எனக்கே கிளாஸ் எடுக்கிறாயா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சார் கிளம்பிப் போய்விட்டார். பாஸ்கர் ஸ்பானரைக் கீழே வைத்தான்: "கத்திக்கினே இருண்ணா. மாடம்பாக்கம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து பாத்திருந்தா இன்னா கொறைஞ்சிருக்கும்?"

திருச்சி தாண்டாதவர்கள்

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலமே மருந்தை வைத்து ஃப்ரிட்ஜை ஓடவிட்டிருக்கிறார்கள். மறுநாள் ஐந்து மணி நேரம் வண்டி ஓடியும் அந்த பேட்டரியில் ஒரு சொட்டு ஏறவில்லை. திருச்சிக்கு முன்னால் சாப்பிட நிறுத்தி டிக்கியைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் செத்துக் கிடக்கிறது, மருந்து வெதுவெதுவென்று இருக்கிறது. மருந்தில்லாமல் அவர் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அப்படியே திரும்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் கலாம்மா மட்டும் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். சண்டைக்கு நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. ஃப்ரிட்ஜையும் பேட்டரியையும் கழற்றிவிடச் சொன்னார். சரியான சார்ஜரை என் செலவில் போட்டுத் தருகிறேன், நானே திருச்சி வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். கஸ்டமரிடம் நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவர் சாவியை என் கையில் வைத்தார்: "நீங்க நல்லாத்தான் போடுவீங்கண்ணா. ஆனா 'போலாமா கலா'ன்னு அவர் இனிமே கேக்க மாட்டார்."

இப்போதும் பேரம் பேசுகிறேன். விற்கிறவர் வேண்டாம் என்றால் மட்டும் ஏன் என்று மெதுவாகக் கேட்கிறேன், நான் கத்தாததைப் பார்த்துப் பயந்து அவரே விலையைக் குறைத்துவிடுகிறார்.