எச்சம் படிக்கிறவள்

அந்த வீட்டில் ஒரே செய்தித்தாளை இரண்டு பேர் படிப்பார்கள். வந்த அன்றே கணவர் படிப்பார். மறுநாள் காலையில், கோழிக்கூண்டுக்கு அடியில் விரித்ததை உருவியெடுத்து மனைவி படிப்பாள். பள்ளிச் சீருடை தைப்பதுதான் அவள் தொழில். தெரு வைத்த பெயரோ 'எச்ச டாக்டர்'. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு விழுந்தால் கோழி சுகம். இடையிடையே ஒன்று பழுப்பாக, பிசுபிசுவென்று விழுவதும் சகஜம்தான். அதைப் பார்த்துப் பதறியடித்து ஓடிவந்த எத்தனையோ பேரைச் சிரித்தே திருப்பி அனுப்பியிருக்கிறாள். சிவப்பு தெரிந்தால் மட்டும் சிரிக்கமாட்டாள்.

போன மழைக்காலத்தில் அந்தச் சிவப்பு அவள் காகிதத்திலேயே விழுந்தது. ஒன்பது இளங்கோழிகளில் இரண்டு செத்தன. மற்றவை இறக்கையைத் தொங்கப்போட்டு முடங்கின. கால்நடை மருத்துவரிடம் காகிதத்தை அப்படியே மடித்துக் கொண்டுபோனாள்.

"ரத்தக் கழிச்சல்தாம்மா. அஞ்சு நாள் தண்ணியில மருந்து கலந்து வையுங்க. வேற தண்ணி கூடாது."

மூன்று நாள் வைத்தாள். சிவப்பு குறையவில்லை, மூன்றாவது கோழியும் போனது. குழந்தை மாதிரி அழுதாள். கணவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு செத்துச்சுன்னா கூண்டைப் பிரிச்சுப் போட்டுடுவேன். நீ அழறதை என்னால பாக்க முடியல."

சொன்னதைச் செய்கிற மனிதர்.

மறுநாள் தையலை ஓரங்கட்டினாள். மருந்துச் சட்டியின் உட்புறம், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மதியம்வரை தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கவேயில்லை. திறந்துவிட்ட கோழிகள் ஒவ்வொன்றாக, துணி துவைக்கும் கல்லுக்குத் தள்ளாடிப் போய், அங்கே ஒழுகிய குழாயடியில் தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்தன. காலடியெல்லாம் எச்சம் கலந்த சேறு.

'ஊர் எச்சமெல்லாம் படிச்சேன், என் கோழி எங்க குடிக்குதுன்னு பாக்கலியே' என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கணவர் குழாய் ரிப்பேர்காரர். தெருவில் ஒரு குழாயையும் சொட்டவிடமாட்டார். வீட்டுக் குழாய்க்கு மட்டும் நாலு மாதமாக 'நாளைக்கு'. அவரைக் கூப்பிட்டுச் சட்டியைக் காட்டினாள், குழாயைக் காட்டினாள். அவர் முகம் செத்துப்போனது.

"என்னங்க, கூண்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பிரிங்க."

கருவிப் பையை எடுத்துவந்தார். வாஷரை மாற்றினார், சேற்றை வழித்தெடுத்து, காய்ந்த மணல் கொட்டினார். மருந்து மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது. சாயங்காலமே தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை அவள் வருவதற்குள் யாரோ காகிதத்தை உருவியிருந்தார்கள். கூண்டருகே கணவர் குந்தியிருந்தார், மூக்கில் கண்ணாடி.

"சிவப்பே இல்ல. எல்லாத்துக்கும் தொப்பி இருக்கு" என்றார்.

அவள் காகிதத்தைக் கேட்கவில்லை. பக்கத்தில் குந்தினாள்.

"நீங்களே படிங்க, கேக்கறேன்."