கர்னலும் நாற்பத்தொரு கழுத்துகளும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பட்டாளப் பட்டம் பெற்றவர் ஒரே ஒருவர்தான். அவரும் வெளி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காவலாளி. கர்னல் என்பது பையன்கள் சூட்டிய பட்டம். உண்மையில் மனிதர் போர்முனையில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை; இரண்டு வருஷம் ஸ்ட்ரெச்சர் தூக்கினார். "சுடுறவனுக்கு ஒரு பக்கம்தான் எதிரி. தூக்குறவனுக்கு எல்லாப் பக்கமும்" என்பார். அந்த எல்லாப் பக்கத்தில் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து பறந்து வந்த இரும்புத் துண்டு, இடது முழங்காலில் குடியேறி, வாடகை கொடுக்காமல் இன்னமும் அங்கேயே இருந்தது.

ஆயிரத்து நூறு பையன்களையும் நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். தாமதமாக வருகிறவன் எந்த இடத்தில் மதில் ஏறிக் குதிப்பானோ, அங்கே அவனுக்கு முன்னால் போய் நிற்பார், அதுவும் நொண்டிக்கொண்டே. கர்னலுக்கு இரட்டைப் பிறவித் தம்பி ஒருவர் மதிலோரம் ஒளிந்திருப்பதாக ஆறாம் வகுப்பு முழுவதும் நம்பியது.

ஓய்ந்த நேரத்தில் கம்பளி பின்னுவார். ஒரு முழம் வளர்ந்ததும் அத்தனையையும் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி, மறுநாள் மறுபடியும் ஊசியில் முதல் கண்ணியைப் போட்டுத் தொடங்குவார். அதே நூல், பத்தொன்பது வருஷம். நைந்து நைந்து அது சிலந்தி வலைக்குத் தங்கை முறையாகிவிட்டிருந்தது. "பொழுது போகணுமே" என்று சொல்லி வைத்திருந்ததால் எவரும் மேற்கொண்டு துருவவில்லை.

வருஷா வருஷம் நினைவு நாளன்று, போரில் இறந்த பழைய மாணவர்கள் முப்பத்திரண்டு பேரின் பெயர்களைச் சிற்றாலயத்தில் வாசிப்பார்கள். திருப்பலி முடிந்ததும் பையன்கள் வரிசையாக நடந்து, ஊர்க்கோடியில் இருந்த ஊனமுற்ற போர்வீரர் இல்லத்துக்குப் போய் சோப்பு கொடுப்பார்கள். ஏன் சோப்பு என்று கேட்கக் கூடாது. முதல் வருஷம் யாரோ கொடுத்தார்கள், அதுவே வேதவாக்காகிவிட்டது. அந்த வருஷம் தலைமையாசிரியர் பாதர் முன்கூட்டியே இல்லத்துக்குப் போய், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"சோப்பு மட்டும் வேணாம் பாதர்" என்றார் அங்கே ஒருவர். "உலகம் முடியுற பொதுத்தீர்வை நாள் வரைக்கும் குளிக்க இருக்கு. கழுத்துதான் குளிருது."

இல்லத்தில் இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஆக, நாற்பத்தொரு மஃப்ளர். கடையில் வாங்கலாம்தான், ஆனால் பையன்கள் கையாலேயே ஆக வேண்டும் என்று பாதருக்கு ஒரு பிடிவாதம். கைவசம் ஆறு வாரம் இருந்தது. நேரே வாசலுக்கு வந்தார்.

"கர்னல், நம்ம பசங்களுக்குப் பின்னக் கத்துக் குடுங்களேன்."

கர்னல் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய ஒன்று நுனி நாக்கு வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "சரிங்க பாதர்" என்றார். அங்கேதான் பிடித்தது வினை.

மேல் வகுப்புகளிலிருந்து நாற்பத்தொரு பேர், பள்ளி விட்டதும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். கால்பந்து அணித் தலைவன், கதவு மாதிரி அகலமானவன், ஊசியைக் கையில் வாங்கும்போதே முறைத்தான்.

"அண்ணா, இது பொம்பளைங்க வேலை."

"பட்டாளத்து ஆஸ்பத்திரியில முறுக்கு மீசைக்காரனெல்லாம் பின்னிக்கிட்டுக் கிடந்தான்டா. உனக்கு இன்னும் மீசையே எட்டிப் பாக்கல, அதுக்குள்ள என்ன வீராப்பு?"

சிரித்து முடித்துவிட்டுப் பையன்கள் பின்னத் தொடங்கினார்கள். மூன்றாவது வாரத்தில் அது பேயாகப் பிடித்துக்கொண்டது. கோல் காக்கிறவன் ஆட்டத்தின் நடுவிலேயே பின்னிக்கொண்டு நின்றானாம். கோல் விழுந்ததற்கு அவன் அழவில்லை. கண்ணி விழுந்ததற்குத்தான் அழுதான்.

நான்காவது வாரம் கேள்வி வந்தது. "அண்ணா, கழுத்துக்கு இது போதுமே. எப்படி முடிக்கிறது?"

"இன்னும் ரெண்டு சாண் போடு."

இரண்டு நாள் கழித்துக் கேட்டாலும் இரண்டு சாண்தான். அடுத்த வாரமும் இரண்டு சாண். அனுமார் வால் தோற்றது. ஒரு மஃப்ளர் தாழ்வாரத்தைத் தாண்டி, ஏழு படி இறங்கி, நூலகரின் காலைச் சுற்றிக் கவிழ்த்தது. கேட்பவர்கள் நாலு படியைக் கழித்துக்கொள்ளலாம். நூலகர் விழுந்தது மட்டும் நிஜம்.

நினைவு நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அணித் தலைவனுக்குப் பொறுமை போயிற்று. "இவ்வளவு போதும்" என்று ஊசியை உருவிவிட்டு, பின்னலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். தொங்கிக்கொண்டிருந்த நூலை எவனோ மிதித்திருந்தான். தூக்கத் தூக்க, வரிசை வரிசையாகக் கழன்று, ஐந்து வார உழைப்பில் பாதி தரையில் வெறும் நூலாகக் கிடந்தது.

அத்தனை பெரிய உடம்புக்காரனுக்கு உதடு துடித்தது. "அண்ணா, உங்களுக்கு முடிக்கத் தெரியுமா தெரியாதா? உள்ளதைச் சொல்லுங்க."

"தெரியாதுடா" என்றார் கர்னல்.

ஊசிகளில் நாற்பது மஃப்ளர் தொங்கின. ஒன்றையும் எடுத்து ஒருவர் கழுத்தில் போட முடியாது. கர்னல் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் மனைவி தையற்கடையில் வேலை பார்ப்பவள். பின்னலும் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"பத்தொன்பது வருஷமா நானும் சொல்லித்தரேன், சொல்லித்தரேன்னு தொண்டை கிழியக் கத்துறேன். 'உன் வேலையைப் பாரு'ம்பீங்க. என்னா வீம்பு! இப்ப ஊரான் பிள்ளைங்களை அழ வச்சுட்டு வந்து நிக்கிறீங்க."

"வீம்பு இல்லம்மா." கர்னல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இருந்தவன்தான் எனக்குக் கத்துக் குடுத்தான். ரெண்டு கண்ணிலயும் கட்டு. என் விரலைத் தடவித் தடவியே சொல்லிக் குடுத்தான். 'முடிக்கிறதை நாளைக்குச் சொல்றேன்'னான். காலையில கண்ணு முழிச்சா, அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாத்திக்கிட்டிருக்காங்க. வேற ஆள்கிட்ட கத்துக்கிட்டா, அவன் சொன்ன 'நாளைக்கு' பொய்யாயிடும்னு ஒரு கிறுக்கு."



"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் வாயைக் குடுக்கப்போறேன்?" என்று முணுமுணுத்துவிட்டு, முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "உட்காருங்க. அங்க நாற்பத்தொரு பேருக்குக் கழுத்து குளிருது. ரெண்டு கண்ணி பின்னுங்க. முதல்ல போட்டதைத் தூக்கி, ரெண்டாவதுக்கு மேல தாண்ட விடுங்க. இன்னொண்ணு பின்னுங்க. மறுபடியும் தாண்ட விடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? கடைசி வரைக்கும் அதேதான்."

"அவ்வளவுதானா!"

"அவ்வளவேதான். இதுக்கு ஒரு பத்தொன்பது வருஷம்!"

கர்னலுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறொன்றும் வந்து கண்ணை மறைத்ததில் இரண்டு கண்ணி தவறியது. அவள் திட்டாமல் எடுத்துக் கோத்துக் கொடுத்தாள்.

மறுநாள் தாழ்வாரத்தில், மழுப்பாமல், "பசங்களா, முடிக்கத் தெரியாமத்தான் உங்களை இழுத்தடிச்சேன். நேத்துத்தான் என் வீட்டுக்காரிகிட்ட கத்துக்கிட்டேன். வாங்க" என்றார். அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லும் பெரியவரை அந்தப் பையன்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. எவனும் கேலி செய்யவில்லை. ஒவ்வொருவன் பக்கத்திலும் குந்தி உட்கார முழங்கால் இடம் கொடுக்காததால், தாழ்வாரம் முழுக்கத் தரையில் நகர்ந்து நகர்ந்தே கற்றுக்கொடுத்தார். அணித் தலைவனின் பிரிந்துபோன பாதியை, ஆளுக்கு ஒரு வரிசையாக அணி முழுவதும் சேர்ந்து பின்னி ஈடுகட்டியது.

நினைவு நாள் காலையில் முப்பத்திரண்டு பெயர்களும் வாசித்து முடிந்ததும், பாதர் முன்னே நடக்க, மஃப்ளர்களோடு எல்லோரும் இல்லத்துக்குப் போனார்கள். வலது கை இல்லாத ஒருவருக்குக் கர்னல்தான் சுற்றிவிட்டார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. அப்படியும் மஃப்ளர் முடியவில்லை.

"என்னய்யா இது, கழுத்துக்குக் கேட்டா கட்டிலுக்கே சேர்த்துப் பின்னியிருக்கீங்க?" என்றார் அவர், மூக்கு மட்டும் வெளியே தெரிய.

"என் தப்புதான். நிறுத்தத் தெரியாமப் போச்சு."

அவர் நுனியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பசங்க போட்டதாச்சே, பிரிஞ்சு வந்துடாதே?"

"வராது. இழுத்துப் பாருங்க."

அவர் இருந்த ஒரு கையால் பலமாகவே இழுத்துப் பார்த்தார். ஒரு கண்ணியும் கழலவில்லை.