மூன்றாவது கட்டத்து டீ

எங்கள் கம்பெனியில் டீ போடும் இடுக்கில், ஸ்டவ்வுக்கு மேலே சுவரில், ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்த ஷேடு கார்டு துண்டு ஒட்டியிருந்தது. பெயிண்ட் வாங்க வருகிறவர்களிடம் எந்த நிறம் வேண்டும் என்று நீட்டுவோமே, அந்த அட்டைதான். அந்தத் துண்டில் சந்தன நிறத்தில் தொடங்கிக் கரும்பழுப்பு வரை ஆறு கட்டங்கள். மேலிருந்து மூன்றாவதைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார் மேனேஜர். அவருடைய டீ அந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும். டிக்காஷனை முதலில் கப்பில் ஊற்றி, காய்ச்சிய பாலை ஸ்பூன் ஸ்பூனாக விட்டு, கப்பைத் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து நிறுத்த வேண்டும். மனிதர்கள் டீயில் பால் தூக்கலாகக் கேட்பார்கள், கம்மியாகக் கேட்பார்கள். கட்டம் போட்டுக் கேட்ட ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தச் சின்ன பெயிண்ட் கம்பெனிக்கு நான் போனது எண்பதுகளின் கடைசியில். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் பெயிண்டர். நகக்கண்ணில் பச்சையோடு குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவார். நிறம் பார்க்கும் கண் எனக்கு அவர் வழியில்தான் வந்திருக்க வேண்டும். இரண்டு வெள்ளைத் தகடுகளை வைத்தால் எதில் ஒரு துளி மஞ்சள் கூடுதல் என்று சொல்லிவிடுவேன். அதனால் லேபில் வேலை செய்ய ஆசைப்பட்டேன். கலவையைத் தகட்டில் பூசி, மாதிரியோடு ஒப்பிட்டு, ஷேடு சரி என்று சொல்லும் வேலை அது. "ஆறு மாசம் ஆபீஸ்ல டைப் அடிச்சிட்டு இரும்மா, அப்புறம் லேப்ல போட்டுடறேன்" என்று இன்டர்வியூவில் மேனேஜர் சொன்னார். அதை நம்பி தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் நசுங்கிக்கொண்டு வந்தேன்.

சேர்ந்த முதல் வாரத்தில் அட்டெண்டர் அண்ணன் ஒரு நாள் லீவு போட்டார். ஆபீஸில் ஒரே பெண் நான். டீ போடச் சொன்னார்கள். நானும் சமர்த்தாக, சுவரில் இருந்த துண்டைப் பார்த்து, முதல் தடவையிலேயே அச்சு அசலாக அந்த நிறத்தைக் கொண்டுவந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் வந்த அட்டெண்டர் அண்ணன் கேள்விப்பட்டு, "இன்னாம்மா நீ, மொத நாளே இவ்ளோ கரீக்டா போட்டுகினு? இனிமே அந்தாளு உன்னை உடவே மாட்டாரு, பாரு" என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, டைப்ரைட்டரை விட்டுவிட்டு நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் ஒரு வருடமாகி, ஒரு வருடம் இரண்டாயிற்று. லேபில் இடம் காலியானபோது, யாரோ சிபாரிசில் வந்த ஓர் இளைஞனைப் போட்டார். நான் அறைக்குள் போய்க் கேட்டேன். "லேபெல்லாம் பொம்பளைங்களுக்கு ஒத்து வராதும்மா. அதுவும் இல்லாம, உன் கை டீ குடிக்கலேன்னா எனக்கு வேலையே ஓடாதே" என்று சொல்லிச் சிரித்தார். அறையில் இருந்த இரண்டு டீலர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பின்பக்கம் டின்கள் அடுக்கிய இடத்தில் நின்று அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போது எனக்கு இருந்தது துக்கம் இல்லை. வெறும் கோபம். அந்த மனிதரை ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அதை அவரே காட்டிக் கொடுத்தார். ஒரு நாள் கப்பை உயர்த்திப் பார்த்துவிட்டு, "பால் ஒரு ஸ்பூன் ஜாஸ்தி. என் கண்ணு ஏமாறாது. மாத்திக்கொண்டா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து, வராந்தாவில் இரண்டு நிமிடம் நின்று, அதே கப்பை, அதே டீயை அப்படியே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். "ஏம்மா, அதையேவா எட்த்துகினு போறே?" என்று அட்டெண்டர் அண்ணன் பதறினார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கப்பைப் பார்த்தார். "ஆங், இப்பதான் கரெக்ட்" என்றார்.

அன்று மாலை ட்ரெயினில் வீட்டுக்குப் போகும்போது சிரித்துக்கொண்டே போனேன். ஷேடு சரி என்று அந்தக் கம்பெனியில் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பாலை அரை ஸ்பூன் குறைத்தேன். அதற்கு அடுத்த வாரம் இன்னும் அரை. அவசரமே படவில்லை. நாலாவது கட்டத்துக்கு வந்தபோது, "கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கே" என்றார். "மூணாவது கட்டம்தான் சார்" என்றேன். தலையாட்டிக் குடித்தார். நாக்கு சொன்னதைவிட நான் சொன்னதை நம்பினார். மழைக்காலம் முடிவதற்குள் ஆறாவது கட்டத்தையும் தாண்டிவிட்டோம். பால் என்று பேருக்கு ஒரு ஸ்பூன் விட்ட கறுப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் வேலைக்குப் போனதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லிப் பக்கம் பஸ் பாடி கட்டுகிற ஒருவர், க்ரீம் நிறம் மாறிவிட்டது என்று ஒரு லோடு பெயிண்டைத் திருப்பி அனுப்பினார். கையெழுத்துப் போட்டது மேனேஜர். ஆனால் லேப் இளைஞனுக்கு மெமோ கொடுத்தார். விஷயம் பெரிதாகி, முதலாளியே நேரில் வந்தார். முதலாளி தன் கையால் பெயிண்ட் கலக்கி வளர்ந்தவர். இரண்டு கப் டீ கேட்டார்கள். இரண்டையும் ஒரே மாதிரி போட்டேன். ஷேடு துண்டைச் சுவரிலிருந்து உரித்துத் தட்டில் வைத்து எடுத்துப்போனேன்.

முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன சார், உங்க ஊர்ல பால் பாக்கெட் வரதில்லையா?" என்றார். மேனேஜர் கப்பைத் தூக்கிப் பார்த்தார். "இல்ல சார், எங்க ஆபீஸ்ல டீக்கே ஷேடு பார்த்துதான் பால் விடறது. கரெக்டா மூணாவது கட்டம். என் கண்ணு ஏமாறாது" என்றார். அவர் வாயால் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். துண்டை முதலாளி முன்னால் வைத்து, "இதுதான் சார் அந்த மூணாவது கட்டம்" என்றேன். முதலாளி அதைக் கப்போடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திரும்பி வந்த பெயிண்டைப் பூசிய தகட்டையும் அசல் மாதிரித் தகட்டையும் வரவழைத்து மேனேஜர் முன்னால் வைத்தார். "இதுல எது நம்ம மாதிரி, சொல்லுங்க." மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தப்பானதை எடுத்துக் கொடுத்தார்.

முதலாளி அதே தகடுகளை என்னிடம் நீட்டினார். எடுத்துக் காட்டினேன். மாதிரியைவிட மற்றதில் சிவப்பு ஒரு துளி கூடுதல் என்றும் சொன்னேன். அந்த மாதமே மேனேஜரைத் திருநின்றவூர்ப் பக்கம் இருந்த குடோனுக்கு மாற்றினார்கள். இளைஞனின் மெமோ ரத்தாயிற்று. நான் லேபுக்குப் போனேன். மேனேஜர் குடோனுக்குக் கிளம்பிய அன்று, பெட்டியோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அதன் பிறகு ஏழெட்டு வருடம் கழித்துக் கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் அவரைப் பார்த்தேன். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து பச்சைத் துணி கட்டியிருந்தது. என் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டார். வற்புறுத்தி டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "கண்ணுல புரைம்மா. அப்பவே இருந்திச்சு. எல்லாம் ஒரே அழுக்கு மஞ்சளாத் தெரியும். வெளில சொன்னா வேலை போயிடும். உன்னை லேப்ல போட்டிருந்தா ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பே. அதனாலதான் போடலை. தப்புதான்" என்றார்.

அவர் பாவம் என்று என் மனது இளகியதாக எழுதினால் அது பொய். நான் போட்ட டீ ருசியாக இருந்ததால் அல்ல, என் கண் நன்றாக இருந்ததால்தான் என்னை அந்த ஸ்டவ்வடியில் கட்டிப்போட்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தே செய்திருக்கிறார். பழைய கோபம் போதாமல் புதிதாகவும் கொஞ்சம் வந்தது. அவர் பயந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அதற்காக என் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

கடைக்காரர் கொடுத்த டீ பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வெளிறிப்போய் இருந்தது. மேனேஜர் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கி, கட்டுப் போடாத கண்ணால் உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"பால் சரியா இருக்காம்மா?"

"கரெக்டா இருக்கு சார்" என்றேன்.

முதல் வாயிலேயே முகம் சுளித்தார். ஆனால் நான் சொல்லிவிட்டதால் முழுவதையும் குடித்தார்.