தலக்கோனாவில் நான் இறங்கிய மடு

வேன் தலக்கோனா அருவியின் அடிவாரத்தில் நின்றதும் என் ஓரகத்தி சொன்னார். "நீ வேன்லயே குந்திக்கினு இரு. வெளிய வெச்சா குரங்கு சாப்பாட்டுப் பையைத் தூக்கினு போயிடும்."

அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. நல்லவர்தான். மூன்று வயதில் போலியோ வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. தொடை வரை இரும்புச் சட்டம் வைத்த காலிபர் போட்டுக்கொண்டுதான் நடப்பேன். எங்கே போனாலும் நான் கஷ்டப்படக் கூடாதென்று முதல் வேலையாக என்னை ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுவார். கைலாசகோனா அருவிக்குப் போனபோது வேனில். கடற்கரைக்குப் போனபோது எல்லோருடைய செருப்புகளுக்கும் பக்கத்தில். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக இப்படித்தான். ஆந்திர எல்லையில் நகரி என்ற ஊரில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். விஜயபுரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தினமும் போய் வருகிறேன். வகுப்பில் நான் எழுந்து நின்றால் சத்தம் அடங்கும். குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் மட்டும் பைகளில் ஒரு பையாகிவிடுவேன்.

"பையை மாமா எடுத்துக்கினு வரட்டும்க்கா. நானும் வரேன்" என்றேன். மாமா என்றது அவர் கணவரை.

"நீ எங்க வருவ? படி எவ்ளோ கீது தெரியுமா?"

"தெரியும். நெட்ல பார்த்துட்டேன்."

அப்போதுதான் நான் புடவை கட்டாமல் சுடிதாரில் வந்திருப்பதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். என் கணவர் பக்கத்தில் வந்து, "வேணும்னா நான் தூக்கினு போறேன்" என்றார்.

"வேணாம். கூட வந்தா போதும்."

தசரா விடுமுறை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதையில் கூட்டம். நான் ஒரு படி ஏறி, காலிபரை இழுத்து வைத்து, அடுத்த படி ஏறுவதற்குள் பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிப் போனார்கள். பாதிக்கு மேல் மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன். எழுந்தேன். என் பன்னிரண்டு வயது மகள் இரண்டு முறை இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

படிகள் முடிந்தபிறகு வெறும் பாறை. பாசி பிடித்து வழுக்கியது. காலிபரோடு அதில் போனால் விழுவேன். அதனால் கழற்றி என் கணவரிடம் கொடுத்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து, இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி நகர்ந்தேன். வீட்டில் குளியலறைக்கு அப்படித்தான் போகிறேன். வெளியில், இத்தனை பேர் கண்முன்னால் போனது அதுதான் முதல் தடவை. ஓரகத்தியின் முகம் சுருங்கியது.

கீழே நின்ற பையன்களில் ஒருவன் செல்போனை என் பக்கம் நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் நகர்வதை நிறுத்தி, வகுப்பில் கேட்கும் குரலிலேயே தெலுங்கில் கேட்டேன். "ஏ காலேஜ் நானா?" எந்தக் காலேஜ் தம்பி என்று.

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் மேலே நகர்ந்தேன்.

அருவியின் கீழே தண்ணீர் தேங்கி ஒரு மடுவாகக் கிடந்தது. ஓரம் இடுப்பளவு, நடுவில் ஆள் மட்டத்துக்கு மேல். என் கணவரின் அண்ணன் காற்றடைத்த டியூபைப் பிடித்துக்கொண்டு கரையோரமாகவே நின்றிருந்தார். பெண்கள் யாரும் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை.

"ஓரமா குந்தி ரெண்டு சொம்பு ஊத்திக்கோ, போதும்" என்றார் ஓரகத்தி.

நான் பாறை விளிம்பிலிருந்து கைகளை எடுத்தேன்.

தண்ணீர் அப்படிச் சில்லிட்டது. ஒரு கணம் மூச்சு நின்றுபோனது. இருபது வருஷமாக நீந்தவில்லை. மறந்திருக்குமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பிறகு தோள்கள் தாமாகத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தன. சின்ன வயதில் எங்கள் கடலைக் கொல்லையில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று இருந்தது. தடுமாறி நடக்கிற பெண் என்றைக்காவது அதில் விழுந்துவிடுவாள் என்று பயந்து, நைனா என் முதுகில் காலி கேனைக் கட்டி இறக்கிவிட்டார். ஒரே கோடையில் கேன் தேவைப்படாமல் போயிற்று. இப்போது அந்தக் கிணறு வறண்டுவிட்டது, போர் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீந்த இடமும் இல்லை, சொல்ல அவசியமும் வரவில்லை.

கரையில் ஓரகத்தி, "புடிங்க அவளை, புடிங்க" என்று கத்துவது கேட்டது. டியூபைத் தாண்டி, ஆழமான நடுவைத் தாண்டி, அருவி விழும் பாறை வரை போய் அதைக் கட்டிப் பிடித்தேன். தலைமேல் தண்ணீர் அறைந்தது. மெலிந்த கால் மற்ற காலைப் போலவே லேசாக மிதந்தது. நான் அழுதேனா என்று கேட்டால், அந்தத் தண்ணீரில் எனக்கே தெரியாது. சிரித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்ததும் மகள் கேட்டாள். "உனக்கு நீச்சல் தெரியும்னு ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீங்க என்னை எங்க இறங்க விட்டீங்க?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

சாப்பிடும்போது ஓரகத்தி மெதுவாகச் சொன்னார். "எல்லாரும் பார்த்துக்கினு இருந்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி."

"பார்க்கட்டும்க்கா. எனக்கு ஒண்ணும் ஆகல."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் சமாதானப்படுத்தப் போகவில்லை. புளிசாதம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது. ஈரத்தில் காலிபர் பட்டை தொடையை அறுத்தது. பாதையை மூடுகிற நேரமாகிவிட்டதென்று வனக் காவலர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். என்னைக் கண்டதும், "தொந்தரகா ரண்டம்மா, தொந்தரகா" என்று அவசரப்படுத்தினார். என் கணவர் குனிந்து முதுகைக் காட்டினார்.

"நிமிருங்க" என்றேன் அவரிடம். காவலரிடம், "வஸ்தானு சார், இலாகே வஸ்தானு" என்றேன். இப்படித்தான் வருவேன்.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எனக்குப் பின்னால் நடந்து வந்தார். கீழே வேனில் ஹாரன் அடித்தார்கள். நான் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தேன்.