மதுரைக்கு முன் இருக்கன்குடி

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பாலவனத்தத்தில் பருத்தி வியாபாரம் செய்துவந்தோம். என் மனைவிக்கு ஓயாத தலைவலி. பிறகு கண்ணும் மங்கத் தொடங்கியது. மதுரை டாக்டர் சோதித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். மூளையை மூடியிருக்கும் சவ்வில் கட்டி. பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. ஆனால் மருந்துக்குக் கரையாது, மண்டையோட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும். முதலில் தலையை மழிக்க வேண்டும்.

மண்டையோட்டைத் திறப்பதற்குத் தலையாட்டிய என் அண்ணன், மழிப்பது என்றதும் கொதித்துவிட்டார்.

“ஏலே, நீ குத்துக்கல்லு மாதிரி இருக்கையில உம் பொண்டாட்டி தலையச் சிரைக்கணுமா? ஊரு என்ன பேசும்?”

அண்ணன் பேச்சை மீறி எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. அப்போது அடுப்படியிலிருந்து என் மனைவி அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அத்தான், இருக்கன்குடி ஆத்தாளுக்கு முடியெறக்குறதா நேந்திருக்கேன். அதச் செய்யாம ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுல்ல?”

அண்ணன் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா காரியத்துக்கு எவன் குறுக்க நிப்பான்? நாளைக்கே போயிட்டு வாங்க தாயி.”

அவர் போனபின் கேட்டேன். “எப்ப நேந்த?”

“அவுக கத்திக்கிட்டிருந்தாகள்ல, அப்பத்தான்.”

மொட்டைத் தலையோடு கோயிலிலிருந்து நேராக மதுரைக்கு பஸ் ஏறினோம். கட்டியை முழுவதுமாக எடுத்தார்கள். வலது கண் தெளியவில்லை. இடது கண்ணில் பார்வை தங்கியது.

அவள் தலையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் நானும் அண்ணனும் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.