கதவைச் சாத்திக்கொண்டு கலக்குவது

குறைமாதக் குழந்தைகளின் பாலில் கிருமியைக் கலந்து கொடுக்கிறார்கள் என்ற பேச்சு, ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையில் புறப்பட்டு, லிஃப்ட் ஏறி இறங்கி, மதியம் கேண்டீனில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. சோப்பு அக்காவின் காதுக்கு அது கடைசியாகத்தான் வந்தது.

குறைமாதப் பிள்ளைகளின் வார்டைத் துடைத்துப் பெருக்குகிறவள் சோப்பு அக்கா. முழங்கை வரை சோப்புப் போடாமல் அவளைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. மோதிரத்தோடு வந்த டாக்டரையே திருப்பி அனுப்பியவள் என்று பேர். டாக்டர் இதை மறுக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு அவர் விரலில் யாரும் மோதிரம் பார்த்ததில்லை.

இத்தனை காலம் கிருமியோடு மல்லுக்கட்டியவளுக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும்? அதிலும், உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கிடப்பது அவளுடைய அண்ணன் மகளின் பிள்ளை. அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டவன், உள்ளங்கையில் அடங்கிவிடுவான். அவனுக்கும் பாலில் ஏதோ ஒரு பொடியைக் கலந்து கொடுக்கச் சம்மதம் கேட்டிருந்தார்கள். பெற்றவளோ அத்தையைக் கை காட்டிவிட்டாள்.

"நீங்க சரின்னா சரி அத்தை. அடுத்த பாலுக்குள்ள சொல்லணுமாம்."

அத்தை வேவு பார்க்கக் கிளம்பினாள். கையில் துடைப்பம் இருந்தால் எங்கே நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சின்ன நர்ஸ் பக்கத்து அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், கொஞ்ச நேரத்தில் பாலோடு வந்தாள். மற்ற மருந்தெல்லாம் எல்லார் கண்ணெதிரிலும் கலக்கும்போது இதற்கு மட்டும் கதவு எதற்கு? மருந்துக் கம்பெனிக்காரன் ஏதாவது கொடுத்திருப்பானோ? பிள்ளைகளை வைத்துச் சோதனை பார்க்கிறார்களோ? சந்தேகத்துக்குக் கை கால் முளைத்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டு என்னத்தையோ கலக்குது. நல்லதா இருந்தா ஏன் ஒளிச்சுச் செய்யணும்?"

இவ்வளவும் சொன்ன பிறகுதான் நர்ஸையே மடக்கிக் கேட்டாள். விசாரித்தால் வதந்தி சுருங்க வேண்டும், அதுதான் மரியாதை. இது நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆமாக்கா, கிருமிதான். உயிரோட இருக்கிற கிருமி."

சோப்பு அக்கா நேரே மோதிரம் போடாத டாக்டரிடம் போய் நின்றாள். அவர் மறைக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சில சமயம் குடல் வீங்கி, புண்ணாகி, அழுகியே போய்விடும். கெட்ட கிருமி இடம் பிடிக்கும் முன்னால் நல்லதைக் குடியேற்றினால் அந்த ஆபத்து குறையலாம் என்றார். குறையலாம், அவ்வளவுதான், வரவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டாராம். அபூர்வமாக அந்த நல்ல கிருமியே பிள்ளையைப் படுத்துவதும் உண்டாம்.

"அப்ப கதவு எதுக்குச் சார்?"

"பொடி காத்துல பறந்து, மத்த பிள்ளைங்க ரத்தக்குழாயில போட்டிருக்கிற டியூப்ல ஒட்டிடக் கூடாதும்மா. வயித்துக்குள்ள போனா நல்லது. ரத்தத்துல போனா வம்பு."

சோப்பு அக்கா யோசித்தாள். 'நல்லதுதான், பயப்படாதீங்க' என்று அவர் சிரித்திருந்தால் அந்த இடத்திலேயே மாட்டேன் என்றிருப்பாள். அவளுடைய வேலை அடுத்த மாதம் நிரந்தரமாகும் என்று சிரித்துக்கொண்டே சொன்ன மேனேஜர்கள் மூன்று பேர் மாறிப் போய்விட்டார்கள். பயந்து கதவைச் சாத்துகிறவர்களைக் கொஞ்சம் நம்பலாம் என்று பட்டது. கொஞ்சம்தான்.

"குடுக்கச் சொல்லு. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றாள் அண்ணன் மகளிடம். நின்றாள். நர்ஸை இரண்டாம் முறையும் கை கழுவ வைத்துவிட்டுத்தான் நின்றாள்.

பிள்ளையின் வயிறு வீங்கவில்லை. பொடியா, தாய்ப்பாலா, அவன் அதிர்ஷ்டமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. தன் சோப்பு என்று அக்கா சொல்லிக்கொள்கிறாள். பையன் கன்னம் உப்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

நர்ஸைப் பற்றிச் சொன்னது தப்பு என்று சொல்லிவிடலாம் என்று வராந்தாவுக்குப் போனால், கேட்ட அம்மாக்களெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களிடம் சொல்லப் போனால், முதலில் வதந்தியை அல்லவா சொல்லியாக வேண்டும்! நர்ஸிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் எதிரே வரும்போதெல்லாம் சோப்பு அக்காவுக்குத் தரையில் ஏதோ ஒரு கறை கண்ணில் பட்டுவிடுகிறது. குனிந்து தேய்க்க ஆரம்பித்துவிடுகிறாள். நர்ஸும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.