மயிலுக்கு வாசித்த செய்திகள்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நாங்கள் குடியேறிய முதல் வாரம், ஒரு காலையில் வீட்டுக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை, விசித்திரம் அதுதான். அரும்பாவூர்க்காரன் காதுக்கு வெடி என்றால் கல்யாணம், தலைவர் வருகை, இல்லையென்றால் சாவு. மேளம் கேட்கவில்லை, கொடி கட்டிய கார் எதையும் காணோம். ஆகவே சாவுதான் என்று முடிவு கட்டினேன். புது ஊரில் துக்கம் விசாரிக்காமல் இருந்தால் நன்றாயிருக்காதே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலியோரம் போனேன். பக்கத்து வீட்டு கீத், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தோட்டத்தில் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"இறந்தது யாருங்க?" என்று கேட்டேன். கீத் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசானவரா?" என்றேன். அவர் வயல் பக்கம் கை காட்டி, "புறா" என்றார். புறாவுக்கு வெடி போட்டு இறுதி ஊர்வலமா, பெரிய மனசுக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப வருத்தம்" என்று சொல்லி வைத்தேன். கீத் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "ஒன்றும் சாகவில்லையப்பா. அதுதான் தொல்லையே!" என்றார். பிறகுதான் விளக்கினார். வயலில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். கேஸ் நிரப்பினால் அதுவாக வெடிக்கும், புறாக்கள் பயந்து பறக்கும். அன்றைக்கு அசடு வழிந்தது இன்னும் காயவில்லை. இப்போதும் வெடி கேட்டால் கீத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் இந்தக் காவல் வேலையை ரேடியோ பார்த்தது. பச்சைமலை அடிவாரத்தில் அப்பாவுக்கு மானாவாரி நிலம் உண்டு. எங்கள் பக்கம் அதைக் காடு என்போம். போடுவது மக்காச்சோளம். விதைத்த அன்றே மயில் வரும், முளை விட்டதும் வரும், கதிரில் பால் பிடித்ததும் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். தேசியப் பறவை என்பதால் கல்லெடுத்து அடிக்க முடியாது, அடித்தால் கம்பி எண்ண வேண்டும். அப்பா என்ன செய்தார் என்றால், வேப்பங்கிளையில் ஒரு டிரான்சிஸ்டரை மஞ்சப்பையோடு தொங்கவிட்டார். மனுசக் குரல் கேட்டால் ஆள் இருக்கிறது என்று மயில் ஒதுங்கிப் போகும். அரசாங்கப் பறவையை அரசாங்க ரேடியோவை வைத்தே விரட்டுகிறேன் என்று டீக்கடையில் பெருமை வேறு.

எஃப்.எம். எங்கள் காட்டுக்கு வராது, மலை மறைக்கும். மத்திய அலைதான் எப்படியோ வளைந்து நெளிந்து வந்து சேரும். அதற்கும் ஒரு பிகு உண்டு. குமிழைத் திருகினால் மட்டும் போதாது, பெட்டியையே திருப்ப வேண்டும். கிளையில் எந்தப் பக்கம் பார்த்துத் தொங்கினால் நிலையம் தெளிவாகக் கேட்கும் என்று அப்பா சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இங்கே சமையலறை டிஜிட்டல் ரேடியோ விக்கினால் நான் அதைத் தூக்கி சன்னலைப் பார்த்துத் திருப்புவேன். இன்டர்நெட் படுத்துவிட்டால் அந்தப் பெட்டியையும் திருப்புவேன். என் மனைவி கலைவாணி, "ஏங்க, அதுலயும் சுண்ணாம்பு தடவிடுங்களேன்" என்பாள்.

எந்த நிகழ்ச்சிக்கு மயில் எவ்வளவு மிரளும் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. செய்தி என்றால் ஓட்டமாய் ஓடும். உரம், பூச்சிமருந்து பற்றிய பேச்சுக்கு மெதுவாக நடந்து போகும். கச்சேரி வைத்தால் மட்டும் கிட்டே வந்து தோகையை விரிக்கும், அந்த நேரத்தில் அப்பாவே கம்பெடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும். "சங்கீத ஞானம் உள்ள சனியன்" என்று திட்டுவார்.

அந்த ரேடியோ ஒரே நாளில் ஓயவில்லை. முதலில் மத்தியான ஒலிபரப்பு நின்றது. பிறகு சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. அப்புறம் காலையில் மட்டும் கொஞ்ச நேரம். கடைசியில் வெறும் இரைச்சல். அப்பா பேட்டரியை மாற்றினார், பெட்டியைத் தட்டினார், அதைக் கையில் ஏந்தி வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கிறார்கள். செல்போனில் ஆப் போட்டால் கேட்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் ஆப் எங்கே போடுவது, சுண்ணாம்பால் கோடுதான் போடலாம்.

"டேய், மத்தி அலைய நிறுத்திட்டானுங்கடா" என்று எனக்குப் போன் வந்தது. நான்தான் நிறுத்திவிட்டு ஓடிவந்தவன் மாதிரி ஒரு குரல். "இங்கயும் நிறுத்திக்கிட்டுத்தான்பா இருக்காங்க" என்றேன். "அங்கதான் உங்களுக்கு மயிலு கெடையாதே!" என்று எரிந்து விழுந்தார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் ஒரு ரேடியோவோடு போயிருக்கும். ஆனால் அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோய் இருந்தது. பெரம்பலூர் டவுனில் வீடு கட்டியிருக்கும் என் அக்கா சுமதி, அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அக்கா கட்சி. தாங்க முடியாமல் அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "இந்த வருசம் சோளம் ஒழுங்கா வூடு வந்து சேந்தா என்னைய யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாது. மயிலு தின்னுட்டுதுன்னா காட்டைக் குத்தகைக்கு வுட்டுட்டு டவுனுக்கு வந்துடறேன்." வாக்குக் கொடுத்தபோது ரேடியோ உயிரோடு இருந்தது. ரேடியோ ஓய்ந்ததும் அக்காவுக்கு ஒரே குஷி.

எனக்கும் உடனே போன் அடித்தாள். "தம்பி, அவரு ஏதாவது கேப்பாரு. நீ அங்கேருந்து ஒண்ணும் அனுப்பி வெக்காத. ரேடியோ நின்னது நல்லதுக்குத்தான்." சரிக்கா என்றேன். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அந்த முட்டியோடு வரப்பில் விழுந்தால் தூக்கிவிட நானா ஓடிவரப் போகிறேன்? அதே வாரம் அப்பாவும் போன் செய்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. "பால் புடிக்கிது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காடு போய்விட்டால் அந்த மனுசர் டவுனில் அக்கா வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து என்ன செய்வார்? அக்காவிடம் சொன்ன சரியை மறந்துவிட்டு வழி தேட ஆரம்பித்தேன்.

வழி காட்டியது கீத். அவர் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய ரேடியோ உண்டு, பந்து விளையாட்டு வர்ணனை கேட்பதற்கு. அவர் கேட்டுவந்த மத்திய அலை நிலையத்தையும் அந்தச் சமயம் மூடிவிட்டார்கள். இங்கே மூடுவதிலும் ஒரு மரியாதை. "இந்த அலைவரிசை நிறுத்தப்பட்டது, வேறு வழியில் கேளுங்கள்" என்று ஒரு பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். கீத் அதை அணைக்காமல் ஓடவிட்டிருந்தார். "இதைப் போய் எதற்குக் கேட்கிறீர்கள்?" என்றேன். "நான் எங்கே கேட்கிறேன்? இந்த ஆள் பேசினால் புறா பட்டாணிப் பக்கம் வருவதில்லை" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கட்டிப்பிடித்தும்விட்டேன். மறுபடி யாரோ செத்துவிட்டார்கள் என்று அவர் பயந்துபோனார்.

கலைவாணி சிரிப்பாளே என்று அந்தக் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்தேன். மயில் பயப்படுவது செய்திக்கு, ஆகவே செய்தி. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"செய்திகள். வாசிப்பது செல்வராசு. அரும்பாவூர் காட்டில் அனுமதியின்றி நுழைந்துள்ள மயில்கள் உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன. பால் பிடிக்கும்வரை காத்திருந்து கதிரில் வாய் வைப்பது நாகரிகமல்ல என்று நில உரிமையாளர் வன்மையாகக் கண்டித்துள்ளார். பெரம்பலூரில் வசிக்கும் அவருடைய மகள், மயில்களுக்கு வெளியிலிருந்து ஆதரவு அளித்து வருகிறார். நில உரிமையாளர் முட்டிக்குத் தைலம் தேய்த்தாரா என்பது பற்றி உறுதியான தகவல் இல்லை. மருமகளும் பேத்தியும் நலம். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. இங்கிலாந்தில் இன்றும் மழை."

இடையில் மிரட்டல் போதவில்லை என்று தோன்றியதால் கீத்தையும் ஒரு அதட்டல் போடச் சொன்னேன். யாரை என்றார். மயிலை என்றேன். பட்டாணியைத் தின்ற புறாவையெல்லாம் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து ஒரு ஆங்கில வசவை எடுத்துவிட்டார். அதைத் தமிழில் எழுத முடியாது, ஆங்கிலத்திலும் எழுதாமல் இருப்பதே நல்லது.

பதிவை அரும்பாவூர் செல்போன் கடைக்காரருக்கு அனுப்பினேன். சின்ன வெங்காயம் விற்கும் வண்டிகளில் ஒரே கூவலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலிபெருக்கி இருக்கிறதே, சார்ஜ் போடுவது, அதில் ஒன்றில் ஏற்றி அப்பாவிடம் கொடுத்தார். மறுநாளிலிருந்து வேப்பங்கிளையில் நான் தொங்கினேன். மயில் ஓட்டமாய் ஓடுகிறது என்று அப்பா போனில் கத்தினார். அந்த வாரக் கடைசியில் காட்டைப் பார்க்கப் போன அக்காவும் செய்திகளை முழுசாகக் கேட்டிருக்கிறாள். "வெளியிலிருந்து ஆதரவாடா குடுக்கறேன்? நீ ஊருக்கு வா, வெச்சுக்கறேன்!" என்று அவளும் கத்தினாள்.

திசம்பரில் லீவு கிடைத்தது. கலைவாணிக்கும் மகளுக்கும் கிடைக்காததால் தனியாகப் போனேன். திருச்சியில் இறங்கி, பெரம்பலூரில் அக்காவிடம் வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டில் பையைப் போட்டுவிட்டு நேரே காட்டுக்கு நடந்தேன். மத்தியான வெயில். கதிர்கள் முற்றிக் காய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் என் குரல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. மேற்கு மூலையில் ஒரு மயில் கூட்டம். ஆகா, நேரிலேயே விரட்டிக் காட்டுவோம் என்று கையை ஓங்கிக்கொண்டு "ஏய்! போ! ஓடு!" என்று கத்தினேன்.

ஒன்றும் அசையவில்லை. ஒரு மயில் மட்டும் கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. இவனா, என்பது போல மறுபடி குனிந்து மேய ஆரம்பித்தது. அதற்குள் வேப்பமரத்தடியிலிருந்து அப்பா கம்பூன்றி எழுந்து வந்தார். வாயே திறக்கவில்லை, தோளில் கிடந்த துண்டை ஒரு உதறு உதறினார். மொத்தக் கூட்டமும் வேலி தாண்டிப் பறந்தது.

"எப்ப வந்த?" என்றார். "உன் குரலு அதுங்களுக்குப் பழகிப்போச்சுடா. ரெண்டாம் வாரத்துலயே கண்டுக்கறதில்ல. இந்த ஊர்க்காரன்தானேன்னு நெனைச்சுக்கிச்சுங்க போல. அந்த வெள்ளக்காரரு திட்டுறப்ப மட்டும் ஒரு எட்டு தள்ளிப் போவுதுங்க."

"அப்பறம் சோளத்த யாரு காத்தா?"

"நாங்கதான். நானும் உங்கம்மாவும். சோறு எடுத்துக்கிட்டு வந்தா உங்கம்மா திரும்பிப் போவாம இங்கயே ஒக்காந்துக்குறா. ரெண்டு பேரு நாளு பூரா காட்டுல கெடந்தா மயிலு எப்பிடி வாய் வெக்கும்? சோளம் வூடு வந்து சேந்துரும். உங்க அக்காகிட்ட சொல்லிடு."

"மயிலே பயப்படலன்னா அத எதுக்குப்பா தெனம் போடறீங்க?"

அப்பா கதிரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சார்ஜு ஏத்தினது வீணாப் போவக்கூடாதுல்ல" என்றார். அவருக்குத் தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

மரத்தடியில் அம்மா சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பூத்தது. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், இளைத்துவிட்டேன் என்றாள். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "அம்மா, அங்க இப்ப பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். கண் மேலே வேப்பங்கிளையில் இருந்தது.

"செத்த கம்முனு இருடா" என்றாள். "பேத்தி சேதி வர்ற நேரம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று செல்வராசு வாசித்தான். அம்மா சிரித்தாள். இங்கிலாந்தில் இன்றும் மழை என்று அவன் சொன்னபோது, என் பிடரியில் சுள்ளென்று அரும்பாவூர் வெயில் அடித்தது.